‘பெரிதாக ஒன்றும் நடக்கவில்லை’: சுட்டிக்காட்ட எதுவும் இல்லாத குழந்தைப் பருவக் காயம் ஆறுமா?

பின்னிரவு:

வணக்கம். இந்த இணைய மன்றத்தில் ‘பின்னிரவு’ என்ற புனைபெயரில் எழுதுகிறேன். இந்தக் கேள்வியை எழுதி அழித்து, மறுபடி எழுதி அழித்துப் பல வாரங்கள் ஓடிவிட்டன. என் குழந்தைப் பருவத்தில் இன்னது நடந்தது என்று சுட்டிக்காட்டும்படியாக எதுவும் இல்லை என்பதுதான் தயக்கத்துக்குக் காரணம். என்னை யாரும் அடித்ததில்லை. படிக்க வைத்தார்கள், நல்ல உடை வாங்கிக் கொடுத்தார்கள், காய்ச்சல் வந்தால் மருத்துவரிடம் அழைத்துப் போனார்கள். ஆனால் நான் அழுதபோது யாராவது அருகில் வந்து உட்கார்ந்த ஒரு காட்சிகூட என் நினைவில் இல்லை. அம்மா சில சமயம் நாள்கணக்கில் என்னோடு பேசமாட்டார். காரணம் தெரியாது. நான் செய்த எது அவரைக் கோபப்படுத்தியிருக்கும் என்று தேடித் தேடி ஒவ்வொன்றுக்காகவும் மன்னிப்புக் கேட்பேன். என்னைத் தாண்டி நடந்து போவார். பிறகு ஒரு நாள் காலையில், எதுவுமே நடக்காதது போல, பெயர் சொல்லிக் கூப்பிடுவார். அந்த ஓர் அழைப்புக்காக எட்டு வயதில் நான் அடைந்த நன்றியுணர்வை நினைத்தால் இன்றும் தொண்டை அடைக்கிறது. அப்பா வீட்டில் இருந்தார் என்பதற்கு மேல் அவரைப் பற்றிச் சொல்ல என்னிடம் எதுவும் இல்லை.

இப்போது எனக்கு 38 வயது. மேலாளர் என் மின்னஞ்சலுக்கு ஒரு நாள் பதில் அனுப்பாவிட்டால் வயிறு கலங்குகிறது. கணவர் களைப்பில் பேசாமல் இருந்தால், ‘என்மேல் கோபமா’ என்று ஒரே மாலையில் நான்கு முறை கேட்டு, கடைசியில் அவரை உண்மையாகவே கோபப்படுத்திவிடுகிறேன். இவற்றையாவது சகித்துக்கொள்ளலாம். என் ஏழு வயது மகள் அழும்போது என்னால் அந்த அறையில் இருக்க முடிவதில்லை என்பதைத்தான் தாங்க முடியவில்லை. உடம்பு இறுகுகிறது, முகத்தில் உணர்ச்சி வற்றிப் போவது எனக்கே தெரிகிறது, ஏதோ வேலை இருப்பது போல எழுந்து போய்விடுகிறேன். சென்ற மாதம் அவள் தனியாக அழுது முடித்துவிட்டு என்னிடம் வந்து, ‘ஸாரி அம்மா’ என்றாள். எதற்காக மன்னிப்புக் கேட்கிறாள் என்று அவளுக்கே தெரியவில்லை.

இரண்டு ஆண்டுகளுக்கு முன் ஒரு தெரபிஸ்டிடம் மூன்று முறை போனேன். சின்ன வயதில் என்ன நடந்தது என்று கேட்டார். ஒன்றும் நடக்கவில்லை என்றேன். அதற்கு மேல் எனக்குச் சொல்லத் தெரியவில்லை, போவதை நிறுத்திவிட்டேன். நெருங்கிய உறவினர் ஒருவரிடம் மனம் விட்டுப் பேசியபோது, “ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா, விட்டுவிடு” என்றார். இதை மனக்காயம் என்று சொல்லிக்கொள்ள எனக்கு உரிமை உண்டா? இந்த வயதில் இது ஆறுமா? ஆற வேண்டுமானால் அம்மாவிடம் பேசியே தீர வேண்டுமா?

தனிமரம்:

அன்புள்ள சகோதரி, என் கதை உங்களுடையதற்கு நேர் எதிரானது போலத் தோன்றும். என் அப்பா பெல்ட்டால் அடிப்பவர். ‘அடியாத மாடு படியாது’ என்பது எங்கள் வீட்டில் அன்றாடம் ஒலித்த வாக்கியம். முதுகில் தழும்பு இருப்பதால் நான் யாரிடமும் எதையும் நிரூபிக்க வேண்டியிருக்கவில்லை. ஆனால் 44 வயதுவரை நானும், ‘எனக்கு ஒன்றும் ஆகவில்லை, அடி வாங்கியதால்தான் உருப்பட்டேன்’ என்றே சொல்லிக்கொண்டிருந்தேன். அடி வாங்கியவனும் ஒன்றும் நடக்கவில்லை என்கிறான், அடி வாங்காதவரும் அதையே சொல்கிறார் என்றால், அந்த வாக்கியத்தை நாம் இருவருமே எங்கிருந்தோ கற்றுக்கொண்டிருக்கிறோம் என்றுதான் தோன்றுகிறது.

ஒரு நாள் மேலே இருந்த புத்தகத்தை எடுக்கக் கையை உயர்த்தினேன். பக்கத்தில் நின்ற என் மகன் தோளைக் குறுக்கிக் கண்ணை மூடிக்கொண்டான். நான் அவனை அடித்ததே இல்லை. ஆனால் கத்துவேன், கதவை அறைந்து சாத்துவேன். அது போதுமானதாக இருந்திருக்கிறது. அந்த வாரமே உதவி தேடிப் போனேன்.

என் தெரபிஸ்ட் முதல் ஒரு மாதம் பழைய கதைக்குள் போகவே விடவில்லை. தூக்கம், குடி, கோபம் வரும்போது அறையை விட்டு வெளியேறும் பழக்கம் ஆகியவற்றைப் பற்றியே பேசினோம். பிறகு ஒரே ஓர் இரவைத் தேர்ந்தெடுத்து, கண்ணை மூடி, அது இப்போது நடப்பது போல வாய்விட்டுச் சொல்லச் செய்தார். அதைப் பதிவு செய்து வீட்டில் தினமும் கேட்கச் சொன்னார். முதல் இரண்டு வாரங்கள் கொடுமையாக இருந்தன என்பதை மறைக்க மாட்டேன். ஐந்தாவது வாரத்தில், அதுவரை பலமுறை என் குரலிலேயே கேட்டிருந்த ஒரு சிறு விவரம் திடீரென்று என் காதில் விழுந்தது. அப்பா பெல்ட்டோடு அறைக்குள் வந்தபோது அந்த ஒன்பது வயதுச் சிறுவன் தூங்கிக்கொண்டிருந்தான். அந்த இரவை நினைத்தபோதெல்லாம், 35 ஆண்டுகளாக, ‘நான் என்ன தப்பு செய்தேன்’ என்றுதான் தேடியிருக்கிறேன். தூங்கிக்கொண்டிருந்தவன் எதையும் செய்திருக்க முடியாது என்பது எனக்கு ஒருமுறைகூடத் தோன்றியதில்லை.

ஆற்றுமணல்:

நான் 16 ஆண்டுகளாக உளவியல் ஆலோசகராகப் பணிபுரிகிறேன். நேரில் பார்க்காத ஒருவருக்கு நோய்ப்பெயர் சூட்டுவது முறையல்ல. ஆகவே பின்னிரவு அவர்களுக்கு இன்ன நோய் என்று சொல்லப் போவதில்லை. உரிமை உண்டா என்ற கேள்விக்கு மட்டும் முதலில் பதில் சொல்கிறேன்.

வின்சென்ட் ஃபெலிட்டி, ராபர்ட் ஆண்டா என்ற இரு மருத்துவர்கள் 1995 முதல் 1997 வரை அமெரிக்காவின் சான் டியேகோவில் 17,000க்கும் மேற்பட்ட பெரியவர்களிடம் அவர்களுடைய குழந்தைப் பருவத்தைப் பற்றிக் கேட்டு நடத்திய ஆய்வு, 1998இல் வெளிவரத் தொடங்கியது. இந்தத் துறையில் அதைத் தொடாமல் யாரும் பேசுவதில்லை. அந்த ஆய்வு இறுதியில் கணக்கில் எடுத்துக்கொண்ட பத்து வகைப் பாதகமான அனுபவங்களில், அடி, பாலியல் கொடுமை, பெற்றோரின் குடி ஆகியவற்றோடு, உணர்வுரீதியான புறக்கணிப்பும் தனி வகையாக இடம்பெற்றிருக்கிறது. இந்தப் பத்துக்கு எத்தனை மதிப்பெண் என்று இணையத்தில் கூட்டிப் பார்த்து அஞ்சுபவர்களை நான் அடிக்கடி சந்திக்கிறேன். அந்த எண் பெருந்திரளான மக்களின் உடல்நலப் போக்கை அறிவதற்கானது. ஒரு தனி மனிதரின் வருங்காலத்தைச் சொல்வதற்கு அதைப் பயன்படுத்தக் கூடாது என்று ஆண்டாவே 2020இல் எழுதினார்.

ஆனால் பின்னிரவு விவரித்ததைப் படித்தபோது எனக்கு உடனே நினைவுக்கு வந்தது வேறொரு சோதனை. எட்வர்ட் ட்ரோனிக் என்ற உளவியலாளர் 1970களில் சில மாதக் குழந்தைகளையும் அவர்களுடைய தாய்மார்களையும் எதிரெதிரே உட்கார வைத்தார். தாய் வழக்கம்போலக் கொஞ்சி விளையாடுவார். பிறகு சில நிமிடங்கள் முகத்தில் எந்த உணர்ச்சியும் காட்டாமல், பேசாமல், குழந்தையையே பார்த்துக்கொண்டிருப்பார். குழந்தை முதலில் சிரிக்கிறது, கை நீட்டுகிறது, ஒலி எழுப்புகிறது, தாயைத் திரும்ப வரவழைக்கத் தனக்குத் தெரிந்த எல்லாவற்றையும் செய்து பார்க்கிறது. எதற்கும் பதில் இல்லை என்றானதும் முகத்தைத் திருப்பிக்கொண்டு உடல் தளர்ந்து ஒடுங்கிவிடுகிறது. அந்தக் குழந்தையை யாரும் தொடவில்லை, மிரட்டவில்லை. பதில் வராமல் போனது மட்டுமே நடந்தது. சில நிமிடங்களுக்கே இது என்றால், நாள்கணக்கில் நீடித்த மௌனத்துக்கு முன் ஓர் எட்டு வயதுச் சிறுமி என்ன செய்திருப்பாள் என்று நான் விளக்க வேண்டியதில்லை. அவரே எழுதியிருக்கிறார்: மன்னிப்புக் கேட்டிருக்கிறாள்.

அந்த மன்னிப்பைப் பற்றித்தான் சற்று விரிவாகப் பேச விரும்புகிறேன். தனிமரம் ஐயா சொன்னதும் அதையேதான் தொடுகிறது. ஸ்காட்லாந்தைச் சேர்ந்த உளப்பகுப்பாய்வாளர் ரொனால்ட் ஃபேர்பேர்ன் 1943இல் எழுதிய ஒரு கட்டுரையில், கொடுமைக்கு ஆளான குழந்தைகள் தங்கள் பெற்றோரைக் கெட்டவர்கள் என்று சொல்ல மறுத்து, தாங்களே கெட்டவர்கள் என்று நம்பத் தயாராக இருப்பதைக் கவனித்து, அதற்கான காரணத்தை ஆராய்ந்தார். குழந்தைக்கு வேறு போக்கிடம் கிடையாது. தான் சார்ந்து வாழும் ஒரே மனிதர் காரணமின்றித் தன்னைக் கைவிடக்கூடியவர் என்று ஒப்புக்கொண்டால் உலகத்தில் பிடிமானமே இல்லை என்றாகிவிடும். தவறு தன்னுடையது என்று நம்பினால் ஒரு நம்பிக்கை மிஞ்சுகிறது: நான் திருந்தினால் அம்மா பேசுவார். தமிழில் பிழைத்தல் என்ற சொல்லுக்கு உயிர் தப்புதல் என்றும் பொருள், தவறு செய்தல் என்றும் பொருள். இவ்விரண்டும் ஒரே சொல்லில் வந்து சேர்ந்திருப்பதை என் வேலையில் நான் மீண்டும் மீண்டும் நினைத்துக்கொள்கிறேன். பிழை தன்னுடையது என்று ஏற்றுக்கொண்டதால் பிழைத்த குழந்தைகள்தாம் பெரியவர்களாகி என் முன்னால் வந்து உட்காருகிறார்கள். அந்த நம்பிக்கை அன்று உங்களைக் காப்பாற்றியது, சகோதரி. மேலாளரின் மின்னஞ்சலுக்கு முன்பும் கணவரின் களைப்புக்கு முன்பும் அது இன்னும் தன் கடமையைச் செய்துகொண்டிருக்கிறது, அவ்வளவுதான்.

நெடுவழி:

எனக்கு 64 வயது. இங்கே எழுதுபவர்களின் வேதனையைக் குறைத்து மதிப்பிட நான் வரவில்லை. ஆனாலும் மனத்தில் பட்டதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. இன்று எல்லாவற்றையும் மனக்காயம் என்று பெயரிட்டுப் பெற்றோரைக் கூண்டில் ஏற்றுவது மிக எளிதாகிவிட்டது. எங்கள் தலைமுறைக்குக் கொஞ்சத் தெரியாது. எங்களை யாரும் கொஞ்சியதில்லை. உழைத்துக் களைத்து வீட்டுக்கு வந்து, கத்திவிடக் கூடாது என்பதற்காகவே வாயை மூடிக்கொண்டிருந்தவர்கள் நாங்கள். அந்த மௌனம் குழந்தைக்குத் தண்டனையாகத் தெரிந்திருக்கும் என்பது எங்களுக்குத் தோன்றவே இல்லை. ‘பெற்ற மனம் பித்து, பிள்ளை மனம் கல்லு’ என்று பெரியவர்கள் சும்மா சொல்லவில்லை.

என் தந்தை மிகக் கடுமையானவர். அவர் இறப்பதற்குச் சில நாள்களுக்கு முன், அவர் படுக்கை அருகில் உட்கார்ந்து, மனத்துக்குள்ளேயே அவரை மன்னித்தேன். அன்று இறங்கிய பாரம் பிறகு ஏறவே இல்லை. ஆகவே மன்னிப்பதைத் தவிர இதற்கு வேறு மருந்து இருப்பதாக நான் நம்பவில்லை.

கல்விளக்கு:

நெடுவழி ஐயா அவர்களுக்கு வணக்கம். உங்களுக்கு மன்னிப்பு வழி திறந்ததை நான் முழுமனத்தோடு நம்புகிறேன். ஆனால் மன்னித்துவிடு என்று மற்றவர்கள் சொல்லச் சொல்ல, எனக்கு அது சின்ன வயதில் கேட்ட ‘அழாதே’ என்ற அதட்டலின் மறுபதிப்பாகவே இருந்தது. எது நடந்தது என்று ஒருமுறையாவது முழுதாகச் சொல்லி முடிப்பதற்கு முன்பே மன்னிக்கச் சொன்னால், எதை மன்னிப்பது?

பின்னிரவு கேட்ட மூன்றாவது கேள்விக்கு என் அனுபவத்திலிருந்து சொல்கிறேன். 37 வயதில் நான் என் அம்மாவிடம் போய்ப் பேசினேன். நான்கு பக்கம் எழுதி எடுத்துக்கொண்டு போனேன். இரண்டாவது பக்கம் முடியும் முன்பே, “அப்படி எதுவும் நடக்கவே இல்லை” என்றார்; பிறகு, “உனக்காக நான் பட்ட பாடு உனக்குத் தெரியுமா” என்று அழுதார்; கடைசியில் நான்தான் அவரைச் சமாதானப்படுத்திவிட்டு வந்தேன். அதிலிருந்து எழ எனக்கு ஓர் ஆண்டு பிடித்தது. பேசவே கூடாது என்று சொல்லவில்லை. அவர் ஒப்புக்கொண்டால்தான் எனக்கு ஆறும் என்ற நிலையில் போகாதீர்கள் என்கிறேன். யார் காயப்படுத்தினாரோ அவர் கையிலேயே மருந்தையும் ஒப்படைத்துவிட்டு அவர் வாசலில் காத்திருப்பதாகிவிடும். அவர் மறுத்தாலும் எனக்கு நடந்தது எனக்கு நடந்ததுதான் என்று நிற்கக்கூடிய நாள் வந்த பிறகு, தேவைப்பட்டால் பேசலாம். எனக்கு அந்த நாள் வந்தபோது பேச வேண்டிய தேவையே இருக்கவில்லை.

இடையில் என்ன நடந்தது என்றால், அழுதேன். கோபம் வடிந்த பிறகு வந்த அழுகை அது. நடந்ததற்காக அழுது முடித்திருந்தேன். நடக்காமலேயே போனவற்றுக்காக அதுவரை அழுததில்லை. பள்ளிவிட்டு வந்ததும் ‘இன்று எப்படி இருந்தது’ என்று கேட்கப்படாத பன்னிரண்டு ஆண்டுகள். அவற்றை இனி யாரும் எனக்குத் தர முடியாது. என் அம்மா நாளைக்கே மனம் மாறி வந்து நின்றாலும் தர முடியாது, ஏனென்றால் அவற்றைப் பெற்றுக்கொள்ள வேண்டிய சிறுமி இப்போது இல்லை. உயிரோடு இருக்கும் ஒரு தாய்க்காகத் துக்கம் காப்பது விசித்திரமானது. துக்கம் விசாரிக்க யாரும் வரமாட்டார்கள். என் தெரபிஸ்ட் மட்டும் ஏறக்குறைய எட்டு மாதங்கள் அந்தத் துக்கத்தில் கூட உட்கார்ந்திருந்தார்.

இப்போது அம்மாவுக்கு மறதி நோய். நான்தான் பார்த்துக்கொள்கிறேன். மன்னித்துவிட்டேனா என்று எனக்குத் தெரியாது. அவருக்குத் தலைவாரிவிடும்போது கை நடுங்குவதில்லை.

பின்னிரவு:

உங்கள் எல்லோருக்கும் நன்றி. கல்விளக்கு அவர்களின் பதிவை அலுவலகத்தில் படித்துவிட்டு எழுந்து போய்க் கதவைச் சாத்திக்கொள்ள வேண்டியிருந்தது. நெடுவழி ஐயா, உங்கள்மேல் எனக்கு வருத்தம் இல்லை. என் அப்பாவும் அப்படித்தான் இருந்திருப்பாரோ என்று முதன்முறையாகத் தோன்றியது.

இன்னொன்று கேட்க வேண்டும். பத்து வயதுக்கு முந்தைய நினைவுகள் எனக்கு மிகக் குறைவு. நான் மறந்துபோன பெரிய சம்பவம் ஏதாவது உள்ளே புதைந்திருக்குமோ என்ற அச்சம் இரவில் வருகிறது. ஹிப்னாடிசம் மூலம் அதை வெளியே கொண்டுவரலாம் என்று ஒருவர் சொன்னார். செய்யலாமா?

ஆற்றுமணல்:

வேண்டாம். இந்த ஒரு விஷயத்தில் நான் தயக்கமில்லாமல் சொல்கிறேன். நினைவு என்பது பெட்டியில் பூட்டி வைத்த பொருள் அல்ல. ஒவ்வொரு முறை நினைக்கும்போதும் மனம் அதைப் புதிதாகக் கட்டுகிறது. நினைவாற்றலை ஆராயும் உளவியலாளர் எலிசபெத் லாஃப்டஸ் 1995இல் வெளியிட்ட ஆய்வில், சிறு வயதில் கடை வளாகத்தில் தொலைந்துபோனதாக உறவினர் சொன்னார் என்று ஒரு பொய்ச் சம்பவத்தைக் காட்டியபோது, பங்கேற்றவர்களில் ஏறத்தாழ கால்வாசிப் பேர் அதை முழுதாகவோ பகுதியாகவோ தங்கள் சொந்த நினைவாகச் சொன்னார்கள். புதைந்த நினைவைத் தோண்டுகிறேன் என்று 1980களிலும் 90களிலும் நடந்த சிகிச்சைகளால் நடக்காதவை நடந்ததாக நம்பிக் குடும்பங்கள் சிதைந்தன. உண்மையான நினைவுகளோடு வந்தவர்களையும் உலகம் சந்தேகிக்கத் தொடங்கியது அதைவிடப் பெரிய இழப்பு. இளம் வயது நினைவுகள் குறைவாக இருப்பது பலருக்கும் இயல்பு. உங்களுக்கு நினைவிருப்பவையே போதும். அந்த மௌனமும், மன்னிப்பும், காலையில் வரும் அழைப்பும் ஒரு முழுச் சித்திரம். அதைவிடப் பெரிதாக ஒன்று இருந்தால்தான் உங்கள் வேதனைக்கு நியாயம் கிடைக்கும் என்று நினைப்பது, பழையபடி உரிமை தேடுவதுதான்.

சிகிச்சை எப்படிப் போகும் என்று தெரிந்தால் அச்சம் குறையும். மனநல மருத்துவர் ஜூடித் ஹெர்மன் 1992இல் வகுத்த மூன்று கட்டங்களைப் பெரும்பாலானோர் இன்றும் ஏதோ ஒரு வகையில் பின்பற்றுகிறோம்: முதலில் பாதுகாப்பு, பிறகு நினைவுகூர்ந்து துக்கிப்பது, பிறகு மனிதர்களோடு மீண்டும் இணைவது. தனிமரம் ஐயாவின் தெரபிஸ்ட் முதல் மாதம் பழைய கதைக்குள் போக விடாதது இதனால்தான். குறிப்பிட்ட சம்பவங்கள் கண்முன் வந்து வதைப்பவர்களுக்கு, எண்ணங்களையும் பழக்கங்களையும் மாற்றப் பழக்கும், மனக்காயத்தை மையமாகக் கொண்ட அறிவாற்றல் நடத்தை சிகிச்சையையும், கண் அசைவோடு நினைவுகளைக் கையாளும் இ.எம்.டி.ஆர். முறையையும் உலக சுகாதார நிறுவனம் 2013இல் பரிந்துரைத்தது. நீண்டகாலக் கொடுமையால் தன்னைப் பற்றிய எண்ணமும் உறவுகளும் உணர்ச்சிக் கட்டுப்பாடும் சேர்ந்து பாதிக்கப்படும் நிலையை, சிக்கலான பி.டி.எஸ்.டி. (பேரதிர்ச்சிக்குப் பிந்தைய மன அழுத்த நோய்) என்ற தனி நோயாக, 2022 முதல் நடைமுறையில் உள்ள அந்நிறுவனத்தின் நோய்ப் பட்டியல் ஏற்றுக்கொண்டிருக்கிறது. அந்தப் பெயர் உங்களுக்குப் பொருந்தலாம், பொருந்தாமலும் போகலாம். பெயர் கிடைக்காதவர்களையும் நாங்கள் திருப்பி அனுப்புவதில்லை.

உங்களுக்கு ஒரு சம்பவம் இல்லை, ஒரு வானிலை இருந்தது. அதனால் உங்கள் சிகிச்சையின் பெரும்பகுதி அந்த அறைக்குள், தெரபிஸ்டுக்கும் உங்களுக்கும் இடையிலேயே நடக்கும். ஒரு நாள் அவர் சற்று மௌனமாக இருப்பார். உங்களுக்கு வயிறு கலங்கும். அவரிடம் ஏதோ தவறு செய்துவிட்டதாகத் தோன்றும். அப்போது எழுந்து போகாமல், ‘நீங்கள் பேசாமல் இருப்பது எனக்குப் பயமாக இருக்கிறது’ என்று சொல்லுங்கள். அதற்கு அவர் முகம் திருப்பாமல் பதில் சொல்வார். எட்டு வயதில் கிடைக்காத அந்தப் பதில் நூறு முறை கிடைத்த பிறகுதான் உடல் நம்பத் தொடங்கும். ‘என்ன நடந்தது’ என்று புதியவரும் கேட்டால், ‘என்ன நடந்தது என்பதைவிட என்ன நடக்கவில்லை என்பதைத்தான் என்னால் சொல்ல முடியும்’ என்று தொடங்குங்கள். அந்த வாக்கியத்தின் பொருள் புரியாதவராக இருந்தால் வேறொருவரைத் தேடுவதில் தவறில்லை.

தனியே எழுதிப் பார்ப்பதும் சிலருக்கு உதவுகிறது. உளவியலாளர் ஜேம்ஸ் பென்னிபேக்கர் 1986இல் வெளியிட்ட ஆய்வில், நான்கு நாள்கள், நாளுக்கு 15 நிமிடம், தங்களை வதைத்த அனுபவத்தையும் அதைப் பற்றிய உணர்வுகளையும் எழுதிய மாணவர்கள், எழுதிய கையோடு மனம் கனத்தாலும், அடுத்த மாதங்களில் மருத்துவரிடம் குறைவாகவே போனார்கள். பிந்தைய ஆய்வுகளில் தெரிந்த பலன் சிறியது. இதைச் சிகிச்சைக்கு மாற்றாகக் கொள்ள வேண்டாம். உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் வருபவர்கள் எழுத்தோடும் இந்த உரையாடலோடும் நின்றுவிடாமல், அன்றே மருத்துவமனையின் அவசரப் பிரிவையோ மருத்துவரையோ அணுக வேண்டும்.

வளையுமா என்ற கேள்விக்கு ஹவாயின் கவாய் தீவு பதில் சொல்கிறது. அங்கே 1955இல் பிறந்த 698 குழந்தைகளை உளவியலாளர் எம்மி வெர்னரும் அவருடைய குழுவினரும் பல பத்தாண்டுகள் தொடர்ந்து கவனித்தார்கள். வறுமை, குடும்பச் சிதைவு, பெற்றோரின் மனநோய் எனப் பல சுமைகளோடு வளர்ந்தவர்களில் மூன்றில் ஒரு பங்கினர் நலமான பெரியவர்களானார்கள். வீட்டுக்கு உள்ளேயோ வெளியேயோ அன்பு காட்டிய ஒருவராவது அவர்களுக்கு இருந்தார். இதைத்தான் எல்லோரும் மேற்கோள் காட்டுகிறார்கள். எனக்கு முக்கியமாகப் படுவது மீதிப் பேரின் கதை. பதின்ம வயதில் தடுமாறியவர்களில் பெரும்பாலோர் நாற்பதை எட்டும்போது மீண்டிருந்தார்கள். நல்ல மணவாழ்க்கை, மீண்டும் தொடங்கிய படிப்பு, தங்களை ஏற்றுக்கொண்ட ஒரு சமூகம் என்று பெரியவர்களான பிறகு வந்தவையே அவர்களை மீட்டன.

பின்னிரவு:

மகளைப் பற்றி நீங்கள் ஒன்றும் சொல்லவில்லையே? கேட்கப் பயமாக இருந்தாலும் கேட்கிறேன். நானும் அந்தச் சோதனையில் வரும் முகமாக ஆகிவிட்டேனா?

ஆற்றுமணல்:

வேண்டுமென்றுதான் அதைத் தனியாக வைத்திருந்தேன். அதே ட்ரோனிக்கின் இன்னொரு கண்டுபிடிப்பு அவ்வளவாகப் பரவவில்லை. நலமான தாயும் குழந்தையும்கூட, கூர்ந்து அளந்து பார்த்தால், ஏறத்தாழ 30 விழுக்காடு நேரம் மட்டுமே இசைந்திருக்கிறார்கள். மற்ற நேரமெல்லாம் இசைவு தவறுவதும் மறுபடி வந்து சேர்வதுமாகவே போகிறது. குழந்தை அன்பை நம்பக் கற்றுக்கொள்வது அந்த மறுபடி வந்து சேர்தலில்தான். உங்கள் அம்மாவிடம் உங்களுக்கு இல்லாமல் போனது அதுதான்: அவர் திரும்பி வந்தார், ஆனால் போனதைப் பற்றிப் பேசவே இல்லை.

உளவியலாளர் மேரி மெயின் 1980களில் பெற்றோரிடம் அவர்களுடைய குழந்தைப் பருவத்தைப் பற்றிக் கேட்டு, அவர்கள் பிள்ளைகள் அவர்களோடு எவ்வளவு பாதுகாப்பாக ஒட்டியிருக்கிறார்கள் என்பதோடு ஒப்பிட்டார். பெற்றோரின் குழந்தைப் பருவம் இனிமையாக இருந்ததா என்பதைவிட, அதை அவர்களால் மழுப்பாமல், அதிலேயே மூழ்கிவிடாமல், கோவையாகச் சொல்ல முடிந்ததா என்பதே பிள்ளையின் பாதுகாப்போடு நெருங்கிப் பொருந்தியது. இங்கே முதல் பதிவில் நீங்கள் செய்யத் தொடங்கியிருப்பது அதைத்தான்.

அவள் அழும்போது அறையில் இருக்க முடியவில்லை என்றால் இப்போதைக்குப் போய்விடுங்கள். ஆனால் போகும்போது, ‘அம்மாவுக்கு மூச்சுவிடக் கொஞ்ச நேரம் வேண்டும், திரும்பி வருவேன், இது உன் தப்பு இல்லை’ என்று சொல்லிவிட்டுப் போங்கள். சொன்னபடி திரும்பி வாருங்கள்.

தனிமரம்:

உடம்பைப் பற்றி ஒரு சிறு குறிப்பு. இறுக்கம் வரும்போது என்னை நானே ‘அமைதியாக இரு’ என்று அதட்டியது எனக்கு ஒருபோதும் பயன்படவில்லை. இரண்டு பாதங்களையும் தரையில் அழுத்தி, மூச்சை இழுப்பதைவிட விடுவதை நீளமாக்கி, அறையில் உள்ள ஐந்து பொருள்களின் பெயரை மெதுவாகச் சொல்வது உதவியது. அந்த அறையில் அப்பா இல்லை என்பது அப்போதுதான் உடம்புக்குத் தெரிகிறது.

நெடுவழி:

நான்கு நாள்களாக இந்தப் பதிவுகளைத் திரும்பத் திரும்பப் படித்துக்கொண்டிருக்கிறேன். முதலில் எழுதியபோது நான் ஒன்றை மறைத்துவிட்டேன். என் மகளுக்கு 35 வயது. மூன்று ஆண்டுகளாக என்னோடு ஓரிரு சொற்களுக்கு மேல் பேசுவதில்லை. ‘நீங்கள் பேசாமல் இருந்த நாள்களில் நான் செத்துவிடலாம் என்று நினைத்திருக்கிறேன்’ என்று கடைசியாகச் சொன்னார். நான் அதை மிகையென்று எண்ணிப் பதில் சொல்லாமல் எழுந்து போய்விட்டேன். எழுந்து போனேன் என்பதை இப்போது எழுதும்போதுதான் கவனிக்கிறேன்.

என் தந்தையை நான் மன்னித்தது உண்மை. ஆனால் அவர் என்னிடம் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் என்று நினைத்துப் பார்த்தேன். பின்னிரவு, உங்களைத்தான் கேட்கிறேன், அம்மா. உங்கள் தாய் உங்களிடம் வந்தால் என்ன சொல்ல வேண்டும் என்று விரும்புவீர்கள்?

பின்னிரவு:

ஐயா, உங்கள் கேள்விக்கு உடனே பதில் எழுத முடியவில்லை, மன்னிக்கவும். வரும் வியாழக்கிழமை புதிய தெரபிஸ்ட் ஒருவரைப் பார்க்க நேரம் வாங்கியிருக்கிறேன். ஆற்றுமணல் அவர்கள் சொன்ன வாக்கியத்தைக் காகிதத்தில் எழுதி வைத்திருக்கிறேன். நேற்று மகள் அழுதபோது எழுந்து போனேன், சொல்லிவிட்டுப் போனேன், திரும்பி வந்தேன். கதவையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

என் அம்மா என்ன சொல்ல வேண்டும் என்று இரவெல்லாம் யோசித்தேன். ஏன் அப்படி இருந்தார் என்ற விளக்கம் முதலில் வேண்டாம். அவர் பட்ட கஷ்டங்களை நான் அறிவேன், அவற்றைக் கேட்டுக் கேட்டே வளர்ந்தேன். ‘நான் உன்னோடு நாள்கணக்கில் பேசாமல் இருந்தேன், நீ வந்து வந்து கேட்டாய், நான் பதில் சொல்லவில்லை’ என்று அவர் செய்ததை அவர் வாயால் சொன்னால் போதும். மன்னித்துவிடு என்று கேட்காமல் இருந்தால் இன்னும் நல்லது. கேட்டால் அதற்கும் நான்தான் ஏதாவது செய்ய வேண்டியிருக்கும். உங்கள் மகள் கோபப்படலாம், அழலாம், ஒன்றும் சொல்லாமலும் இருக்கலாம். அந்த அறையிலேயே இருங்கள். அவர் போகச் சொன்னால் போங்கள், ஆனால் எப்போது மறுபடி தொடர்புகொள்ளலாம் என்று கேட்டுவிட்டுப் போங்கள். மறுநாள் காலையில், எதுவுமே நடக்காதது போல மட்டும் அவரைக் கூப்பிடாதீர்கள்.